ஸ்பானிய உள்நாட்டுப் போரின் சுவரொட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய சுவரொட்டியின் நகல் மாட்டியிருக்கிறது. கல் பாவிய தெருவில் ஹிட்லரின் நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகா விரிசல் விட்டுக் கிடக்கிறது. கயிற்றுச் செருப்பு போட்ட ஒரு கால் அதன்மேல் இறங்குகிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா போவதில்லை. "இது என்ன படத்தோட போஸ்டர்?" என்பதில் தொடங்கி, கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வழக்கமாக வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இது எந்தப் போர்? யாருக்கும் யாருக்கும் சண்டை?

ஸ்பெயினில் 1936 பிப்ரவரித் தேர்தலில் இடதுசாரிகளும் குடியரசுவாதிகளும் சேர்ந்த மக்கள் முன்னணி ஜெயித்தது. ஜூலை 17 அன்று ஸ்பெயினின் வசமிருந்த மொராக்கோவில் ராணுவத்தின் ஒரு பகுதி கலகம் செய்தது. மறுநாள் அது நாடு முழுக்கப் பரவியது. கலகக்காரர்கள் தங்களைத் 'தேசியவாதிகள்' என்று அழைத்துக்கொண்டார்கள். சீக்கிரமே ஜெனரல் பிராங்கோ அவர்களுக்குத் தலைவரானார். ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு விமானமும் ஆளும் அனுப்பினார்கள். குடியரசு அரசுக்கு சோவியத் யூனியன் ஆயுதம் விற்றது. பிரிட்டனும் பிரான்சும் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டன. 1939 ஏப்ரல் 1 அன்று பிராங்கோ வெற்றியை அறிவித்தார். அதற்குப் பிறகு 1975-இல் சாகும்வரை அவர் ஆட்சிதான்.

குடியரசுத் தரப்பின் சுவரொட்டிகள்தானே எங்கும் கண்ணில் படுகின்றன? மற்றவர்கள் அடிக்கவில்லையா?

அடித்தார்கள், ஆனால் குறைவு. முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது: கலகம் வெடித்தபோது மாட்ரிட், பார்சலோனா, வலென்சியா மூன்றும் குடியரசின் கையில் இருந்தன. நாட்டின் நல்ல அச்சகங்களும் விளம்பர ஓவியர்களும் பெரும்பாலும் அந்த மூன்று ஊர்களில்தான்.

இரண்டாவது காரணம், குடியரசுத் தரப்பு ஒரே தரப்பு இல்லை. அரசு, கட்டலோனிய மாநில அரசு, சோஷலிஸ்டுகளின் யு.ஜி.டி. தொழிற்சங்கம், அரசு என்ற ஒன்றே வேண்டாம் என்ற அராஜகவாதிகளின் சி.என்.டி. தொழிற்சங்கம், கம்யூனிஸ்ட் கட்சி, ஸ்டாலினை எதிர்த்த மார்க்சியக் கட்சியான போவும் என்று ஏகப்பட்ட கடைகள். ஒவ்வொருவரும் தங்கள் கொடி தெரிகிற மாதிரி தனித்தனியாக ஒட்டினார்கள். பார்சலோனாவில் மாநில அரசே ஜாவ்மே மிராவித்லெஸ் என்பவர் தலைமையில் ஒரு பிரச்சாரத் துறையை 1936 அக்டோபரில் தொடங்கியது. வெவ்வேறு சுவரொட்டிகள் என்று எண்ணினால் 2,000 வரை தொகுத்திருக்கிறார்கள்.

பிராங்கோ பக்கம் ஒரே கட்டளை, ஒரே குரல். அங்கே பிரசங்க மேடையும் வானொலியும் இருந்தன. செவில் நகரிலிருந்து ஜெனரல் கெய்ப்போ தே யானோ இரவுதோறும் வானொலியில் கொட்டிய வசவுகளுக்கு ஈடாக எந்தச் சுவரொட்டியும் தேவைப்பட்டிருக்காது.

யார் வரைந்தார்கள்? கட்சி ஓவியர்களா?

பெரும்பாலும் அதற்கு முந்தின வாரம்வரை சினிமாவுக்கும் சோப்புக்கும் திருவிழாவுக்கும் காளைச் சண்டைக்கும் வரைந்துகொண்டிருந்தவர்கள். வலென்சியாவின் ஜோசெப் ரெனாவ் கம்யூனிஸ்ட்தான். ஆனால் 1932-இல் அவர் வரைந்த பெயர்பெற்ற சுவரொட்டி ஒரு கடற்கரைக் குளியல் விடுதிக்கானது. நீச்சலுடைப் பெண், நீலக் கடல். அதே கையும் அதே மெருகும்தான் பிறகு போருக்கு வேலை செய்தன.

பார்சலோனாவில் தொழில்முறை ஓவியர்கள் 1936 ஏப்ரலில், அதாவது போருக்கு மூன்று மாதம் முன்பே, ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். செவிலில் பிறந்த, ரோமா (ஜிப்சி) இனத்து ஓவியர் எலியோஸ் கோமெஸ் அதன் முதல் தலைவர். ஜூலையில் தெருச் சண்டை ஓய்ந்ததும் சங்கத்தார் ஒரு மாளிகையைப் பிடித்து, அங்கேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை, பணமும் கேட்கவில்லை. முதலில் படம், அப்புறம்தான் கீழே எந்தக் கட்சியின் பெயர் போடுவது என்ற பேச்சு. அவர்களில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான், கார்லெஸ் ஃபொன்ட்செரெ. அரிவாளை உயர்த்தி நிற்கும் குடியானவன், கூடவே 'சுதந்திரம்!' என்ற ஒரு சொல் கொண்ட சுவரொட்டி அவன் வரைந்தது.

எப்படி அச்சடித்தார்கள்? நிறங்கள் ஏன் இவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன?

லித்தோ முறை. ஓவியர் பசை வண்ணத்தில் படத்தைத் தீட்டிக் கொடுப்பார். அச்சகத்தில் இன்னொரு கைவினைஞர் அதைப் பார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ எண்ணெய்ப் பசையுள்ள மையால் கையாலேயே திரும்ப வரைவார். தகட்டை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வரைந்த இடம் மையை மட்டும் பிடிக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஓட்டம். நான்கு நிறம் என்றால் அதே தாள் நான்கு தடவை இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரமும் மையும் செலவு என்பதால் ஓவியர்கள் நிறத்தைச் சிக்கனமாகவே கேட்டார்கள். இரண்டோ மூன்றோ நிறம், பெரிய பரப்பு, நடுவே தாளின் வெள்ளையையே ஒரு நிறமாக விட்டுவிடுவது. நாம் இன்று 'நவீனம்' என்று வியக்கிற அந்த எளிமையில் பாதி அச்சக முதலாளியின் கணக்கு. முதலாளியா? அதையும் சொல்ல வேண்டும். போர் தொடங்கியதும் பல அச்சகங்களைத் தொழிலாளர்களே எடுத்து நடத்தினார்கள். வலென்சியாவின் ஓர்த்தேகா அச்சகம் காளைச் சண்டைச் சுவரொட்டிகளுக்குப் பேர்போனது; போர்க்காலத் தாள்களின் ஓரத்தில் அந்தப் பெயரோடு இரண்டு தொழிற்சங்கங்களின் எழுத்துகளும் பொடியாகச் சேர்ந்திருக்கும். பெரும்பாலான தாள்கள் 100 சென்டிமீட்டர் உயரம், 70 அகலம். போர் நீள நீளக் காகிதம் அருகிப்போனது.

உங்கள் சுவரில் இருக்கும் அந்தக் கால் யாருடையது?

'பாசிசத்தை நசுக்குவோம்', 1936. பெரே கதலா பிக் என்ற விளம்பரப் புகைப்படக்காரர் எடுத்தது. வெளியிட்டது மிராவித்லெஸின் துறை. ஆள் யாரென்று தெரிந்தால் படம் கெட்டுவிடும். கணுக்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை, முகமும் இல்லை.

செருப்பைக் கவனியுங்கள். சணல் அடியும் துணி மேலும் வைத்த எஸ்பார்தென்யா. கட்டலோனிய விவசாயியும் கூலிக்காரரும் தினமும் போட்டுக்கொண்டது. மக்கள் படையினரும் அதோடுதான் போர்முனைக்குப் போனார்கள். எதிரே ஜெர்மன் பூட்ஸ் என்று சொல்லாமலே புரிகிறது. துப்பாக்கியும் இரத்தமும் இல்லாமல் மிதியடி ஒன்றிலேயே முழுப் பேச்சும் முடிந்துவிடுகிறது. இத்தனை சுவரொட்டிகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்று பிடித்ததில்லை.

துப்பாக்கியோடு விரல் நீட்டும் பெண் படம்? பெண்களும் போரிட்டார்களா?

கிறிஸ்தோபல் ஆர்தேச்சே வரைந்த 'மக்கள் படைக்கு நீங்கள் தேவை!' பற்றிக் கேட்கிறீர்கள். நீல நிற ஓவரால், ஒரு கையில் துப்பாக்கி, மறுகை விரல் நம் நெஞ்சை நோக்கி. இந்த விரல் ஏற்கெனவே பல நாடு சுற்றியது: 1914-இல் பிரிட்டனில் போர் அமைச்சர் கிச்சனர், 1917-இல் அமெரிக்காவில் அங்கிள் சாம், 1920-இல் ரஷ்யாவில் செஞ்சேனை வீரன். எல்லாம் மீசையும் தாடியும் உள்ள அதட்டல்கள், கடைசி ஒருவனைத் தவிர. இங்கே அந்த இடத்தில் ஒரு பெண்.

முதல் மாதங்களில் பெண்கள் நிஜமாகவே போர்முனையில் நின்றார்கள். ஆனால் இந்தப் படம் பெண்களைக் கூப்பிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். "நானே வந்துவிட்டேன், நீ இன்னும் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறாயா?" என்று ஆண்களைக் கூச வைக்கிற உத்தி. 1936 முடிவதற்குள்ளேயே பெண்களைப் பின்னால் அனுப்பும் முடிவு வந்துவிட்டது. அதற்குப் பிறகான சுவரொட்டிகளில் அவர்கள் தொழிற்சாலையிலும் வயலிலும் மருத்துவமனையிலும்தான் தெரிவார்கள்.

பிரச்சாரம் என்றால் எதிரியைத் திட்டுவதுதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஐம்பது அறுபது சுவரொட்டிகளை வரிசையாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும்: எதிரியைப் பற்றிப் பேசுவதைவிட, சொந்த ஜனங்களைக் கெஞ்சுவதும் கடிந்துகொள்வதும்தான் அதிகம். எதிரி அந்தத் தெருவில் நடக்கவே போவதில்லையே!

'எழுத்தறியாமை அறிவைக் குருடாக்கும். சிப்பாயே, படி' என்கிறது ஒன்று. படையில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஏராளம். 1937-இல் அவர்களுக்காகவே அரசு 'பாசிச எதிர்ப்பு அரிச்சுவடி' அச்சிட்டுப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பியது. பால்வினை நோய் எதிரியின் குண்டைப் போலவே ஆபத்து என்கிறது இன்னொன்று. அதன் அர்த்தம் மருத்துவமனைக் கட்டில்கள் எதனால் நிரம்பின என்பதுதான். 'குடிகாரன் ஓர் ஒட்டுண்ணி, ஒழித்துக்கட்டுவோம்' என்று அரகோன் பகுதியில் ஒட்டினார்கள். ஒழிப்பது குடியையா குடிகாரனையா என்பது வாசகத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதைப் படித்த குடிமகனுக்குப் போதை இறங்கியிருக்கும்.

மாட்ரிட்டில் ரமோன் புயோல் வதந்திக்காரன், பதுக்கல்காரன், உளவாளி என்று ஒவ்வொருவனையும் ஒரு கோரப் பிராணியாக வரைந்து ஒரு வரிசையே போட்டார். 'ஐந்தாம் படை' என்ற சொல் பிறந்தது இந்தப் போரில்தான். நான்கு படைகள் மாட்ரிட்டை நோக்கி வருகின்றன, ஐந்தாவது ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று கலகக்காரர்களின் ஜெனரல் மோலா சொன்னதாகப் பேச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரனை நிம்மதியாகப் பார்க்க முடியுமா?

'மாட்ரிட்டை விட்டுக் கிளம்புங்கள், குடும்பத்தைக் குடியரசிடம் ஒப்படையுங்கள்' என்று மறுபடி மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஏன் மறுபடி மறுபடி? ஜனங்கள் கிளம்பவில்லை. 'வெற்றிக்காக நீ என்ன செய்தாய்?' என்று காயம்பட்ட சிப்பாய் கேட்கிற படம் 1937-இல் வந்தது. வரைந்தவர் லொரென்சோ கோன்யி, சின்ன வயதிலேயே காது கேட்காமல் போனவர். தன்னார்வலர்கள் தாமாக வந்து குவிந்துகொண்டிருந்தால் அந்தக் கேள்வி எதற்கு?

அதனால் எந்தச் சுவரொட்டியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "இங்கே எது நடக்காமல் போனதால் இதை ஒட்டினார்கள்?" என்பதுதான். அரசு ஆவணங்களில் மழுப்பியதைச் சுவர் போட்டு உடைத்துவிடும்.

குடியரசுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே சுவரில் சண்டை போட்டார்களா?

போட்டார்கள், அசிங்கமாகவே. 1937 மே மாதம் பார்சலோனாத் தெருக்களில் ஒரு பக்கம் அராஜகவாதிகளும் போவும் கட்சியினரும், மறுபக்கம் அரசுக் காவலர்களும் கம்யூனிஸ்டுகளும் சுட்டுக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் புழங்கிய ஒரு படத்தில் போவும் கட்சியை ஓர் ஆளாக வரைந்திருந்தார்கள். அவன் அரிவாள் சுத்தியல் போட்ட முகமூடியைக் கழற்றுகிறான். உள்ளே ஸ்வஸ்திகா போட்ட முகம். பிராங்கோவை எதிர்த்துப் போர்முனையில் செத்துக்கொண்டிருந்த கட்சியைப் பற்றி அதே பக்கத்து ஆட்கள் வரைந்தது இது. ஜூனில் கட்சியைத் தடை செய்தார்கள். அதன் தலைவர் அந்திரேவ் நின்னைப் பிடித்துப்போய் ரகசியமாகக் கொன்றார்கள். இந்த ஒரு படம் மட்டும் என் சுவரில் ஏறாது.

எதிரியை எப்படிக் காட்டினார்கள்?

ஹுவான் அந்தோனியோ மொராலெஸ் வரைந்த 'தேசியவாதிகள்' நல்ல உதாரணம். பெயரே கிண்டல். ஒரு போர்க்கப்பல், அதில் ஸ்வஸ்திகா குத்திய, பணமூட்டை வைத்த முதலாளி, பதக்கம் தொங்கும் ராணுவ அதிகாரி, ஆசீர்வதிக்கும் கர்தினால், சுட்டுக்கொண்டிருக்கும் மொராக்கோ சிப்பாய்கள். மேலே ஸ்பெயினின் வரைபடம் தூக்கில் தொங்குகிறது. 'தேசியம்' பேசுகிறவர்களின் கப்பலில் அசல் ஸ்பானியர் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்கிற படம்.

சிரிப்பு வரும், கூடவே உறுத்தும். பிராங்கோவின் படையில் மொராக்கோவிலிருந்து கூலிக்குச் சேர்த்த ஏழைகள் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களைத் தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக வரைவதில் குடியரசின் ஓவியர்களுக்குக் கூச்சமே இல்லை. அனைத்துலகச் சகோதரத்துவம் என்று பக்கத்துச் சுவரில் எழுதியவர்களும் அவர்கள்தான்.

ஆங்கிலத்தில்கூட ஸ்பானியச் சுவரொட்டி பார்த்தேனே?

மாட்ரிட் குண்டுவீச்சில் இறந்த ஒரு குழந்தையின் முகம், மார்பில் அடையாள எண் சீட்டு, பின்னால் வானத்தில் அணிவகுத்த விமானங்கள். 'இதைப் பொறுத்துக்கொண்டால் அடுத்தது உங்கள் பிள்ளைகள்' என்ற வாசகம். இது லண்டனுக்கும் பாரிசுக்கும் சொன்னது. 'தலையிட மாட்டோம்' என்றவர்களின் வாசலில் ஒட்டியது. இறந்த பிள்ளையின் படத்தைக் காட்டலாமா என்ற கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் இல்லை. ஆனால் மூன்றே வருடத்தில் லண்டன் குழந்தைகளை ரயிலேற்றி ஊரைவிட்டு அனுப்ப வேண்டி வந்ததும் உண்மை.

பிக்காசோ, மிரோ எல்லாம் வரைந்தார்களாமே?

மிரோ ஒன்று செய்தார்: 'ஸ்பெயினுக்கு உதவுங்கள்', 1937. உடம்பைவிடப் பெரிய முஷ்டியை உயர்த்தும் கட்டலோனிய விவசாயி. தபால்தலையாக வர வேண்டியது. அதனால்தான் ஓரத்தில் '1 பிராங்க்' என்று விலை போட்டிருக்கிறது. பிக்காசோவின் குவெர்னிகா சுவரொட்டி இல்லை. 1937 பாரிஸ் கண்காட்சியின் ஸ்பானிய அரங்குக்கான ஓவியம். அவரிடம் போய் ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் ஒருவர், அப்போது நுண்கலைத் துறைத் தலைவராக இருந்த நம் ரெனாவ்.

பிராங்கோ தரப்பின் சுவரொட்டிகள் எப்படி இருந்தன?

கார்லோஸ் சாயென்ஸ் தே தெஹாதா போன்ற கைதேர்ந்த ஓவியர்கள் அங்கேயும் உண்டு. நீண்ட, இறுகிய உருவங்கள். சிலுவை, வாள், கதிர்க்கட்டு. போரைச் 'சிலுவைப் போர்' என்று சொல்லும் தொனி. 'நெருப்பில்லாத அடுப்பும் ரொட்டியில்லாத ஸ்பானியனும் இருக்கக் கூடாது' என்று ஒன்று. 'ஒரே தாயகம், ஒரே அரசு, ஒரே தலைவன்' என்று இன்னொன்று. ஜெர்மனியில் கேட்ட பாட்டுதான். எனக்கு அவை கண்ணைக் கவர்ந்தாலும் சீக்கிரம் அலுத்துவிடும். எல்லாம் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

இதெல்லாம் கலையா, வெறும் விளம்பரமா?

அப்போதே இந்தச் சண்டை நடந்தது. 1937 ஜனவரியில் ரமோன் காயா என்ற ஓவியர், சுவரொட்டிக்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சோப்பு விற்ற அதே மெருகில் போரைச் சொல்கிறீர்களே, இதில் மனித உணர்ச்சி எங்கே, போரின் கொடுமையை வரைந்த பழைய ஸ்பானிய ஓவியர் கோயா இருந்திருந்தால் இப்படியா செய்வார் என்பது அதன் சாரம். ரெனாவ் பதில் எழுதினார்: ஓவியன் தன் மனசுக்குப் பதில் சொன்னால் போதும், சுவரொட்டிக்காரனுக்கு வெளியிலிருந்து ஒரு வேலை வைத்திருக்கிறார்கள், அதன் கட்டுப்பாட்டுக்குள்தான் அவன் சுதந்திரம். எனக்கு ரெனாவ் சொல்வதில்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் காயா குறை சொன்ன மாதிரியான தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே முஷ்டி, ஒரே தாடை, ஒரே சூரிய உதயம்.

இவற்றால் போரில் ஏதாவது பலன் இருந்ததா?

போரில் தோற்றுப்போனார்கள். விமானத்துக்குச் சுவரொட்டி மாற்று இல்லை.

வரைந்தவர்கள் என்ன ஆனார்கள்?

1939 தொடக்கத்தில் பார்சலோனா விழுந்ததும் லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி பிரான்சுக்கு ஓடினார்கள். அங்கே முள்வேலி முகாம்கள் காத்திருந்தன. ஃபொன்ட்செரெ பிரான்ஸ், மெக்சிகோ, நியூயார்க் என்று சுற்றி 1973-இல்தான் ஊர் திரும்பினார். ரெனாவ் மெக்சிகோவில் சினிமா போஸ்டர் வரைந்து பிழைத்தார். 1958-இல் கிழக்கு பெர்லினுக்குப் போய், 1982-இல் அங்கேயே இறந்தார். புயோலுக்கு மரண தண்டனை விதித்துப் பிறகு குறைத்தார்கள். கப்பல் கேலிச்சித்திரம் போட்ட மொராலெஸ், பிராங்கோ காலத்து ஸ்பெயினிலேயே பேரும் புகழுமாக உருவப்படம் வரைந்தார். எப்படித் தப்பினார் என்று கேட்காதீர்கள், வாழ்க்கை அப்படி.

எலியோஸ் கோமெஸை பார்சலோனாவின் மொடேலோ சிறையில் போட்டார்கள். 1950-இல் அங்கே ஓர் அறையின் சுவர் முழுக்க, மாதாவையும் குழந்தையையும் ரோமா முகச்சாயலில் வரைந்தார். 'ஜிப்சிக் கோயில்' என்று அதற்குப் பெயர். பிராங்கோ காலம் முழுவதும் அது பிழைத்திருந்தது. ஜனநாயகம் வந்து இருபது வருடம் கழித்து, 1998-இல், சிறையைச் சுத்தம் செய்கிறோம் என்று வெள்ளையடித்துவிட்டார்கள்.

அசல்களை எங்கே பார்க்கலாம்?

பெரிய தொகுப்புகளில் ஒன்று சாலமான்கா நகரின் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அது சேர்ந்த விதம்தான் வினோதம். பிராங்கோவின் படை ஒவ்வொரு ஊரைப் பிடித்ததும், கட்சி அலுவலகங்களில் இருந்த தாள்களை எல்லாம் மூட்டை கட்டி அங்கே அனுப்பியது. யார் எந்தச் சங்கத்தில் இருந்தார்கள் என்று கண்டுபிடித்துத் தண்டிப்பதற்காக. சுமார் 30 லட்சம் பெயர் அட்டைகள் எழுதினார்கள். எரித்திருந்தால் இன்று ஒன்றும் மிஞ்சியிருக்காது. வேட்டைக்காகப் பத்திரப்படுத்தியதால் மிஞ்சிவிட்டது. மாட்ரிட்டின் தேசிய நூலகத்திலும் பார்சலோனாப் பல்கலைக்கழகத்தின் 'குடியரசு அரங்கு' நூலகத்திலும் நல்ல தொகுப்புகள் உண்டு. நிறைய இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன.

நகல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல கடைகள் படம் எடுப்பாகத் தெரியட்டும் என்று கீழ் ஓரத்தை வெட்டிவிட்டு அச்சடிக்கின்றன. அந்தப் பொடி எழுத்து வரியில்தான் அச்சகமும் ஊரும் சங்கமும் இருக்கும். அதோடு சேர்ந்த நகலாகக் கேட்டு வாங்குங்கள்.